கீழ்ப்படியில் பத்தொன்பது கிலோ

கப்பலூரில் நான் வேலை பார்த்த சத்துமாவுக் கம்பெனிக்கு ஒரு நாள் ஒரு படிவம் வந்தது. எங்கள் மாவை வாங்கி வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்பும் ஆட்கள் கொடுத்துவிட்டது. நாலு பக்கம். மாசமாக இருக்கும் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் கனம் தூக்குகிறார்களா, எவ்வளவு தூக்குகிறார்கள், அதில் என்ன ஆபத்து என்று மதிப்பிட்டு எழுதித்தர வேண்டுமாம். மேனேஜர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, இங்க நீ ஒருத்திதான் பி.காம். எனக்கு இந்தப் பொம்பளைங்க சமாச்சாரமெல்லாம் எழுத வராது. நீயே பாத்து முடிச்சுக் குடுத்துரு."

பி.காம். படித்த பாவத்துக்கு அந்தக் கம்பெனியில் என் தலையில் விழாத வேலை கிடையாது. வருகைப் பதிவேடு என்னுடையது, மாவு நிறுக்கும் கணக்கு என்னுடையது, மூட்டை தூக்கும் வேலையும் என்னுடையது. இப்போது இது வேறு. சரிண்ணே என்று வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு எனக்கு அறுபதாம் நாள். கடைசியாகத் தலைக்குக் குளித்ததிலிருந்து எண்ணினால் அறுபது. அது என் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. என்னைப் பெற்ற அம்மாவுக்கே தெரியாது.

முதல் தடவை தங்கியபோது நாங்கள் அடக்கமாக இருக்கவில்லை. கல்யாணமாகி மூன்று வருடம் கழித்துத் தங்கியது, சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்காரர் ஆரப்பாளையத்தில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கி வந்தார், நான் அதைக் கம்பெனியில் எல்லோருக்கும் கொடுத்தேன். மூன்றாவது வாரம் எல்லாம் போயிற்று. மைசூர்பாகு தின்ற அத்தனை பேரும் வந்து துக்கம் விசாரித்தார்கள். அதிலிருந்து என் மாமியார் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். மூணு மாசம் முழுசா முடியாமல் வாயைத் திறக்கக் கூடாது, ஊர்க் கண்ணு பொல்லாத கண்ணு. இரண்டாம் தடவை தங்கியது தெரிந்த அன்றே, சாமி படத்துக்கு முன்னால் நிற்கவைத்து என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார்.

எனக்குக் கண்ணேறில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஒரு தடவை போன பிறகு யாரால் துணிந்து நம்பாமல் இருக்க முடியும்?

வாயை மூடிக்கொள்ள இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் கம்பெனியில் யாரையும் வேலையை விட்டு நிறுத்த மாட்டார்கள். அன்பாகத்தான் அனுப்புவார்கள். எனக்கு முன்னால் பேக்கிங்கில் இருந்த ஓர் அக்கா ஐந்தாம் மாதம் வாயைத் திறந்தார். மேனேஜர் பதறிப்போய், "நீ எதுக்கும்மா கஷ்டப்படணும், வீட்டுல போயி நல்லா ரெஸ்ட் எடு, பெத்துட்டு வா" என்றார். அந்த அக்கா பெற்று, பிள்ளைக்குச் சோறு ஊட்டி, பிறகு வந்து கேட்டபோது அவர் இடத்தில் வேறு ஆள் இருந்தது. அந்த ரெஸ்ட்டுக்குத்தான் நாங்கள் எல்லோரும் பயந்தோம்.

ஆக, வெளியே சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார் மாமியார். சொன்னால் வேலை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் மூட்டை. சொல்ல முடியாத இந்தச் சேதியை வயிற்றில் வைத்துக்கொண்டு, மாசமாக இருப்பவர்கள் மூட்டை தூக்கலாமா என்று எழுதித்தர வேண்டிய ஆள் நான். சிரிப்பதா அழுவதா சொல்லுங்கள்.

வேலை இதுதான். லாரியிலிருந்து குடோன்வரைக்கும் லோடுமேன்கள் தூக்குவார்கள். குடோனிலிருந்து அரைக்கிற மிஷின்வரைக்கும் பொம்பளை வேலை. யார் வகுத்த சட்டமோ, நான் சேர்வதற்கு முன்பே அப்படித்தான். முப்பது கிலோ மூட்டை. கேழ்வரகு, கம்பு, சோளம். இரண்டிரண்டு பேராகப் பிடித்துத் தூக்கிவந்து, நாலு படி உள்ள இரும்பு ஸ்டாண்டில் ஏறி, மிஷினின் வாயில் கவிழ்க்க வேண்டும். ஒருத்தி முன்னால் பின்பக்கமாகவே படி ஏறுவாள், மற்றவள் கீழிருந்து தாங்கிக்கொண்டு வருவாள். ஒரு மூட்டைக்கு ஒருத்தி மேலே, அடுத்த மூட்டைக்கு மற்றவள் மேலே. மாறி மாறி. யாரும் சொல்லித்தந்த முறை இல்லை, ஜோடிக்குள் அப்படி ஒரு நியாயம் இருந்தது.

என் ஜோடி என்னைவிட ஆறு வயது சின்னவள். பிறந்தது அலங்காநல்லூர்ப் பக்கம், திருமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மூட்டையைப் பார்த்து யாராவது பெருமூச்சு விட்டால், "எங்க ஊருல மாட்டையே மறிச்சுப் பிடிப்பாய்ங்க, மூட்டை என்னக்கா மூட்டை, அதுக்குக் கொம்பா இருக்கு" என்பாள். அவள் வாய்க்காகவே வேலை ஓடும்.

படிவத்தை நான் ஒப்புக்கு எழுதியிருக்கலாம். மேனேஜரும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். என் வயிற்றுக்கு அந்த மூட்டை என்ன செய்கிறது என்று கேட்க வேறு இடம் ஏது? அதனால் கேள்விகளை ஒன்று விடாமல் படித்தேன். எடை எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, தரையிலிருந்து எவ்வளவு உயரம், உடம்போடு ஒட்டிப் பிடிக்க முடிகிறதா, இடுப்பைத் திருப்ப வேண்டியிருக்கிறதா, படி உண்டா, வேண்டும் என்கிறபோது நிறுத்தி ஓய்வெடுக்க முடியுமா. கடைசிக் கேள்விக்குச் சத்தமாகவே சிரித்துவிட்டேன். ஓய்வெடுக்கிறதாம்! மிஷின் வாய் காலியாக ஓடினால் மேனேஜர் ஆபீஸிலிருந்து கத்துவது கப்பலூர் டோல்கேட்டுக்குக் கேட்கும்.

படி என்று வந்ததும் எனக்கு ஒரு சந்தேகம். முப்பது கிலோவை இரண்டு பேர் பிடித்தால் ஆளுக்குப் பதினைந்து, சரி. படி ஏறும்போதும் அதே பதினைந்தா? லோடுமேன் அண்ணன்களைக் கெஞ்சி, மூட்டை நிறுக்கும் எடை மிஷினை ஸ்டாண்டுக்குக் கீழே தள்ளிக்கொண்டு வரச் சொன்னேன். முதலில் அவளை மட்டும் ஏற்றினேன். நாற்பத்தேழு.

"ஏத்தா, நீ அம்பதுக்கு மேலல்ல இருந்த? என்ன இப்பிடி எறங்கிருக்க?"

"வெயில்க்கா. சோறு எறங்க மாட்டேங்குது" என்று சிரித்தாள்.

நான் இரண்டாம் படியில் நின்று மூட்டையின் மேல்முனையைப் பிடித்தேன். அவள் எடை மிஷின் மேல் நின்றபடி கீழ்முனையைத் தாங்கினாள். முள் நின்றதும் அவளே குனிந்து பார்த்துக் கத்தினாள்: "அறுவத்தாறுக்கா!"

அறுபத்தாறில் நாற்பத்தேழு போனால் பத்தொன்பது. கீழே நிற்பவளுக்குப் பத்தொன்பது கிலோ, மேலே நிற்பவளுக்குப் பதினொன்று. இரண்டு மூன்று தடவை நிறுத்துப் பார்த்தோம், அரைக் கிலோ அப்படி இப்படி. "அடேயப்பா, இம்புட்டு நாளா கீழ நின்னவதான் ஏமாந்தவளா" என்று அவள் சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டேன்.

படிவத்தில் பாக்கி இருந்தது ஒரே கேள்வி. தற்போது கர்ப்பமாக உள்ள பணியாளர்கள் எத்தனை பேர்? டீ நேரத்தில் எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது மேனேஜர் என்னை முன்னால் நிறுத்தி, "கேளும்மா" என்றார். பதினெட்டுப் பெண்கள். லோடுமேன்கள் நாலு பேர் கையில் டீயோடு நின்றார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டேன்.

"யாராச்சும் முழுகாம இருக்கீங்களா? இருந்தா கையத் தூக்குங்க."

ஒரே சிரிப்பு. பேக்கிங்கில் இருந்த வயதான அம்மா, "எனக்கு ஒண்ணு எழுதிக்கத்தா, எம் பேரன் கேட்டா சந்தோசப்படுவான்" என்றார். லோடுமேன் ஒருவர் டீயைத் துப்பிவிட்டார். ஒரு கையும் உயரவில்லை. அப்படிக் கேட்டால் எந்தக் கை உயரும்? நாலு ஆம்பிளைகளுக்கு முன்னால், மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்க, மூணு மாசம் முடியாத எந்தப் பெண் தூக்குவாள்? கேட்ட எனக்கே அது தெரியும். என் கையே உயரவில்லை, பேனாவைத்தான் பிடித்திருந்தது. 'இல்லை' என்று எழுதிக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

மறுநாள் முதல் மூட்டையிலேயே அவளிடம் சொன்னேன். "எனக்கு முட்டி வலிக்குதுத்தா. கீழ நின்னு அழுத்தித் தூக்க முடியல. கொஞ்ச நாளைக்கு நான் மேலயே நிக்கட்டுமா?"

பச்சைப் பொய். அவள் மூட்டையின் காதைப் பிடித்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதிகம் இல்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம். "சரிக்கா. நில்லுங்க" என்றாள்.

அதிலிருந்து ஒரு நாளைக்கு முப்பது மூட்டை, முப்பது தடவையும் அவள் கீழே. நான் மேலே. ஒவ்வொரு படியிலும் நான் எனக்குள் சொல்லிக்கொண்டது, பதினொன்றுதான், பதினொன்றுதான். வீட்டில் தண்ணீர்க் குடம்கூட அதைவிடக் கனம். அவள் இளசு, தெம்பானவள், காளை பிடிக்கிற ஊர்க்காரி, அவளுக்கு என்ன வந்தது என்றும் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் ஆரப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் நாளை எண்ணுவேன். அறுபத்தாறு. அறுபத்தேழு. பஸ் பைபாஸில் பள்ளத்தில் இறங்கி ஏறினால் இரண்டு கையாலும் சீட்டை அழுத்திக்கொண்டு உடம்பைத் தூக்கிக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்குப் போனால் மாமியார் கேட்பது ஒரே கேள்வி: "யாருகிட்டயும் சொல்லலையே?"

"சொல்லல அத்தே."

"மூட்டை தூக்குறியா?"

"தூக்காம? கனமில்ல அத்தே, மேல்பக்கம்தான்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். வேலையை விடு என்று அவரும் சொன்னதில்லை. விட்டால் வீடு எப்படி ஓடும் என்று அவருக்கும் தெரியும். அந்த வீட்டில் யாருக்குமே வழி தெரியவில்லை, ஆளாளுக்கு நாளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

அவளிடம் நான் பார்க்காமல் விட்டவை எத்தனையோ. டீ குடிப்பதை நிறுத்தியிருந்தாள். கேழ்வரகு வறுக்கும் வாசனை எழுந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்துவாள். இரண்டு தடவை குடோனுக்குப் பின்னால் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். பித்தம்க்கா என்றாள். நானும் தினம் காலையில் அதே குடோனுக்குப் பின்னால் போகிறவள்தான். எனக்கு விளங்கியிருக்க வேண்டும். என்னுடையதை மறைக்கிற மும்முரத்தில் என் கண் அவிந்துபோயிற்று.

என்னுடைய எண்பத்தோராம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்றாவதோ நாலாவதோ மூட்டை. பாதிப் படியில் அவள், "அக்கா, ஒரு நிமிசம் வைங்க" என்றாள். மூட்டையைப் படியில் சாய்த்தோம். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். முகத்தில் வேர்வை, ஆனால் உதடு வெளுத்திருந்தது. பாத்ரூம் போய்விட்டு வந்தவள், புடவைக்கு மேல் போடும் கம்பெனியின் பச்சைக் கோட்டைக் கழற்றி இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கோட்டை அப்படி நானும் ஒரு நாள் கட்டியிருக்கிறேன்.

மேனேஜரிடம் அவளுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துத் திருமங்கலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நர்ஸ் கேட்டார்: "நாள் எம்புட்டு ஆச்சு?"

"அறுவத்தெட்டு" என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா, தங்கவில்லை என்றார். அவள் முதலில் கேட்டது, "மூட்டை தூக்குனதாலயா டாக்டர்?" என்றுதான். டாக்டரம்மா நல்ல மனுஷி. அவள் தோளைத் தொட்டு, "அப்படிச் சொல்ல முடியாதும்மா. இந்த மாசத்துல பல பேருக்குத் தானாவே இப்படி ஆகுது. நீ ஒண்ணும் தப்பு பண்ணல. ஆனா இனிமே இப்படி இருக்கும்போது கனம் தூக்காத" என்றார். அந்த வார்த்தையை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தானாகவே ஆகுது. ஆனால் என்று அவர் சொன்னதும் கூடவேதான் வருகிறது.

அவள் வீட்டுக்காரன் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு தாங்கவில்லை.

"ஏன்த்தா எங்கிட்டயாச்சும் சொல்லக் கூடாது? நான் மேல நிக்கிறேன்னப்ப, முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"எங்க அத்தை மூணு மாசம் முடியட்டும்னு சொல்லிருச்சுக்கா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு முட்டி வலி இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

நான் குளுக்கோஸ் பாட்டிலை நிமிர்ந்து பார்த்தேன்.

"குடோனுக்குப் பின்னாடி உங்களப் பாத்தேன். போன தடவ நீங்க குடுத்த மைசூர்பாக நானும் தின்னேன்லக்கா. உங்களுக்கு ஒருக்கா போயிருச்சு. எனக்கு இதான மொதத் தடவ, நான் சின்ன வயசு, தாங்கிரும்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

மறுநாள் காலையில் நேராக ஆபீஸுக்குப் போய் அந்தப் படிவத்தைத் திருப்பிக் கேட்டேன். மாற்றி எழுத வேண்டும் என்றேன்.

"அது அனுப்பி, ஓகே ஆயி, பத்து நாளாச்சும்மா. இப்பப் போயி என்னத்த மாத்துறது? ஒருத்தருமில்லன்னு நீதான கையெழுத்துப் போட்டுருக்க?"

"நான் இருக்கேண்ணே" என்றேன். "எம்பத்திரெண்டு நாளு. எழுதும்போதே இருந்தேன். எங்கூடத் தூக்குனவளும் இருந்தா, நேத்துப் போயிருச்சு. அந்த மூட்டைய அந்தப் படியில எந்தப் பொம்பளையும் மாசமா இருக்கையில தூக்கக் கூடாது. அதை எழுதுங்க." குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அழுகையா கோபமா தெரியவில்லை, இரண்டும்தான்.

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். தண்ணீர் கொடுத்தார். அவரும் பொம்பளைப் பிள்ளை பெற்றவர். பிறகு, நான் எதிர்பார்த்த அதே வார்த்தையை அதே அன்போடு சொன்னார். "நீ எதுக்கும்மா கஷ்டப்படணும்? வீட்டுல போயி நல்லா ரெஸ்ட் எடு. பெத்துட்டு வா."

வீட்டில் மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எட்டு நாள் பொறுக்க முடியலையா உனக்கு என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்த எட்டு நாளும் அவர் பூஜை அறையை விட்டு நகரவில்லை. வேலை போனது போனதுதான். பிள்ளை தங்கியது. பெண். நான் திரும்பப் போய்க் கேட்டபோது என் இடத்தில் வேறு ஆள். மிஷினும் அதுதான், நாலு படியும் அப்படியேதான். என் பழைய ஜோடி பத்தாம் நாளே வேலைக்குத் திரும்பியிருந்தாள். என்னைப் பார்த்ததும் மூட்டையை வைத்துவிட்டு ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். மாவு அப்பிய கையால் அதன் கன்னத்தைத் தொடாமல் தொட்டாள். புது ஜோடியோடு மாறி மாறித்தான் நிற்கிறோம் என்று அவளாகவே சொன்னாள். நான் கேட்கவில்லை.

அவளுக்கு இன்னும் குழந்தை இல்லை. பிள்ளைக்கு ஊசி போடும் தேதி என்னைவிட அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் கட்டாயம் போன் வரும். ஊசிக்கு அழுதாளா, காய்ச்சல் இருக்கா, வெயிட்டு எம்புட்டு.

போன மாதம் ஊசி போடப் போனபோது எடை மிஷினில் என் மகளை நிற்கவைத்தார்கள். துள்ளிக்கொண்டே இருந்தாள், முள் நிற்க நேரமாயிற்று. நின்றது. நர்ஸ் சீட்டில் எழுதிக்கொண்டே, "பதினொண்ணு. நல்ல வெயிட்டு" என்றார். தூக்கு என்று மகள் இரண்டு கையையும் நீட்டினாள். நான் உடனே தூக்கவில்லை. நர்ஸ் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் குனிந்து தூக்கினேன். பதினொரு கிலோ இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் போன் வந்தது. பின்னால் மிஷின் சத்தம் கேட்டது.

"பாப்பா அழுதாளாக்கா? வெயிட்டு எம்புட்டு?"

எடை மிஷினில் நின்று குனிந்து பார்த்துக் கத்தியவள் அவள்தான். கீழே பத்தொன்பது, மேலே பதினொன்று என்பது அவளுக்கும் மறந்திருக்காது.

"பத்தே முக்கால்" என்றேன்.

"பத்தலையேக்கா" என்றாள் அவள். "நல்லா ஊட்டி விடுங்க."